விளக்கணைந்த வேளையில்

மாலை ஆறு மணி. திருவண்ணாமலையின் மாட வீதிகளில் எள் விழ இடமில்லை. தெருவெல்லாம் தலைகள், திண்ணையெல்லாம் தலைகள், மாடிச் சுவர்மீதும் மரக்கிளைமீதும் தலைகள்! அத்தனை தலைகளும் 2,668 அடி உயர மலையின் முகட்டையே நோக்கி நிமிர்ந்திருக்கின்றன. முகட்டில் பொட்டளவு தீ தோன்றுகிறது. அவ்வளவுதான்! இலட்சக்கணக்கான தொண்டைகளிலிருந்து ஒரே முழக்கம் எழுகிறது. கார்த்திகைத் தீபத்தன்று ஆண்டுதோறும் நடக்கும் காட்சி இது.

அக்கூட்டத்தின் ஓரத்தில் நாமும் நின்றிருக்கிறோம். கும்பிடச் சென்றோமில்லை, கூட்டத்தைக் காணச் சென்றோம். மேலே எரிவது இன்னதென்று நமக்குத் தெரியும். பெரியதொரு கொப்பரை. அதிலே ஆயிரக்கணக்கான கிலோ நெய். திரியாகச் சுருட்டிய காடாத் துணி. இவற்றையெல்லாம் மேலேற்றி, அந்தத் தீபத்தை ஏற்றும் பருவதராஜ குலத்து மக்களின் தோளும் முதுகும். உழைப்பு அவர்களுடையது, சோதி தானே தோன்றியதென்ற புகழ் வேறிடத்துக்கு! இத்தனையும் அறிந்து நின்ற நமக்கும், அந்த முழக்கம் எழுந்த நொடியில் மெய் சிலிர்த்தது. மறைப்பானேன், தோழர்களே? பகுத்தறிவாளனுக்கும் அதே தோல்தான், அதே மயிர்க்கால்கள்தாம்.

கூட்டம் ஒரே உடலாகி நிற்கும் நொடி அது. மகிழ்ச்சியில் அப்படியொரு நொடி வந்தால் விழா என்கிறோம். துயரத்தில் வந்தால்? ஓர் ஊரல்ல, ஒரு நாடே ஒரே நேரத்தில் நெஞ்சிலடித்துக்கொண்டு நிற்கும்போது, எவனோ ஒருவன் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து வாய் திறக்கிறான். அவன் சொன்னபடி அந்த உடல் எழும், அவன் சொன்னபடி அமரும். அந்த வேளையில் அவன் பெறுகிற இசைவு அறிவு தந்த இசைவா, அழுகை தந்த இசைவா? அழுகை தந்த இசைவு என்றால் அதைப் பெறுவது அறமாகுமா? நம் படிப்பகத்து இளைஞர்கள் அண்மையில் எழுப்பிய கேள்வி இது. நேரு பண்டிதரின் பேச்சொன்றை ஒலிப்பதிவில் கேட்டுவிட்டுத்தான் எழுப்பினார்கள். அந்தப் பேச்சிலிருந்தே தொடங்குவோம்.

1948 சனவரி 30, வெள்ளிக்கிழமை. மாலை 5 மணி 17 நிமிடம். டில்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில், வழிபாட்டுக்கு நடந்து சென்ற காந்தியாரின் உடலில் மூன்று குண்டுகள் பாய்ந்தன. நாடு இரண்டாகப் பிளந்து ஆறு திங்கள்கூட நிறையவில்லை. பஞ்சாபின் சாலைகளில் இரத்தம் காயவில்லை. டில்லியின் ஏதிலியர் முகாம்களில் உறவிழந்தோர் நிரம்பியிருந்தனர். முஸ்லிம்களின் உயிருக்கும் உடைமைக்கும் காப்பு வேண்டி 13-ஆம் நாள் தொடங்கி 18-ஆம் நாள் வரை உண்ணாநோன்பு இருந்து எழுந்தவர் அக்கிழவர். அவரைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி தெருவுக்கு வருகிறது. தெரு என்ன கேட்கும்? 'ஏன்' என்று கேட்காது. 'எப்படி' என்று கேட்காது. 'எவன்?' என்றுதான் கேட்கும்!

துயரத்தின் முதற்கேள்வி எப்போதும் அதுவே. நம் ஊரிலேயே பார்த்தோமே! 2024 டிசம்பர் 1 அன்று, பெருமழையில் மலைச்சரிவு ஏற்பட்டு வ.உ.சி. நகரில் வீட்டின்மீது மண்ணும் பாறையும் விழுந்தன. குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். மழையின் அளவையும், மண்ணின் நெகிழ்வையும், மலையடிவாரத்தில் வீடு கட்டிக்கொள்ளும் ஏழைகளின் நிலைமையையும் எண்ணிப் பார்க்கவேண்டிய நேரத்தில், 'மலைக்குக் கோபம், யார் செய்த பாவமோ' என்று பேசியவர்களை நம் காதாலேயே கேட்டோம். குற்றம் சுமத்த ஆள் கிடைக்காவிட்டால் மலையைக் கூண்டிலேற்றுகிறது மனித மனம். ஆள் கிடைத்துவிட்டாலோ, அவனுடைய ஊரை, உறவை, குலத்தை, மதத்தை எல்லாம் சேர்த்துக் கூண்டிலேற்றுகிறது.

பிர்லா மாளிகை வாயிலில் அன்று நடந்ததைப் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன் வந்து இறங்குகிறார். கூட்டத்திலிருந்து ஒருவன், கொன்றவன் முஸ்லிம் என்று கத்துகிறான். உடனே மவுண்ட்பேட்டன், முட்டாளே, கொன்றவன் இந்து என்று தெரியாதா என்று திருப்பிக் கத்துகிறார். அந்த நொடியில் அவருக்கே அது உறுதியாகத் தெரியாது! முஸ்லிமாக இருந்துவிட்டால் நாடு எரியும் என்பது மட்டுமே தெரியும். எனவே, தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னார்.

இதை என்னென்பது? இந்த ஊரின் தலபுராணத்தில் தாழம்பூ ஒன்று வருகிறது. அடியும் முடியும் அறியவொண்ணாத தீத்தூணின் முடியைப் பிரமன் கண்டுவிட்டதாக, காணாததைக் கண்டதாகச் சாட்சி சொல்லி, பூசைக்கு ஆகாத பூவாகிவிட்டதாம் அது. கதையை நம்பச் சொல்லவில்லை. பொய் சொன்ன படைப்புக் கடவுளோடு சேர்த்து, ஏவிவிடப்பட்ட பூவுக்கும் தண்டனை நிலைத்ததைப் பார்த்தால் அந்நாளைய நீதிமுறையும் விளங்கும்! மவுண்ட்பேட்டன் சொன்னதும் தாழம்பூச் சாட்சியே. காணாததைக் கண்டதாகச் சொன்ன சாட்சி. அது உண்மையாகவே அமைந்துவிட்டது அவருடைய நற்பேறு, நாட்டின் நற்பேறு. குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்று வள்ளுவர் ஒரு வாயில் திறந்துவைத்தாரல்லவா? அந்த வாயிலில் மவுண்ட்பேட்டன் நுழையலாம். ஆனால் அவர் பின்னால் எத்தனை பேர் நுழைய வரிசையில் நிற்கிறார்கள் என்பதை எண்ணும்போதுதான் நமக்கு நடுக்கம் எடுக்கிறது. நாட்டின் நன்மைக்காகவே பொய் சொன்னேன் என்று கூறாத அரசு எது?

அகில இந்திய வானொலி செய்தது வேறு. செய்தியை உறுதிசெய்துகொண்டு, அன்று மாலை நாட்டுக்கு அறிவிக்கும்போதே, கொன்றவன் ஓர் இந்து என்பதையும் சேர்த்துச் சொன்னது. ஒரே ஒரு சொல்! எத்தனை ஊர்களின் ஓலைக்கூரைகளை அச்சொல் காத்தது என்று எந்தக் கணக்கனும் எழுதிவைக்கவில்லை. எரியாத வீட்டுக்கு ஏது கணக்கு?

அதன் பிறகு ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்தார் நேரு. எழுதி எடுத்துவந்த பேச்சன்று அது. ஒளி போய்விட்டது, எங்கும் இருள் என்றார். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றார். தமிழர் வீட்டில் விளக்கணைந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். விளக்கைக் குளிரவைத்தோம் என்பார்கள், மலையேறிவிட்டது என்பார்கள். அந்தச் சொல் வாயில் வரக்கூடாதென்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளைக் கண்டிப்பதுண்டு. மறுநாள் தமிழ் ஏடுகளில் அப்பேச்சைப் படித்தவர்களுக்கு அந்த முதல் வரியே அடிவயிற்றைக் கலக்கியிருக்கும். மலைமேல் விளக்கேற்றும் இந்த ஊரில் சொல்லவே வேண்டாம்.

இங்கேதான் இளைஞர் ஒருவர் குறுக்கிட்டார். "இதுதானே ஐயா மயக்குவித்தை? ஒரு மனிதன் இறந்தான் என்று சொல்லாமல் ஒளி போயிற்று, இருள் வந்தது என்பது புராணிகர் பேச்சல்லவா?" என்றார். நல்ல கேள்வி. உவமை ஒரு போர்வை. போர்வையைப் போர்த்தியபின் உள்ளே இருப்பது ஆளா அம்மியா என்று தெரியாது. ஆனால் நேரு அடுத்துச் செய்ததைக் கவனிக்கவேண்டும். ஒளி போயிற்று என்றேன், அது தவறு, இது வெறும் விளக்கன்று, ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் தெரியக்கூடியது என்று தாம் சொன்னதைத் தாமே திரும்பப் பெற்றார். தான் வீசிய உவமையைத் தானே பிடித்து நிறுத்தித் 'தவறு' என்று சொல்லும் பேச்சாளன் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்? தேர்ந்த பேச்சாளன் கையாளும் உத்தியே அது என்றும் சொல்லலாம். சொல்லிக்கொள்ளட்டும்! கூட்டம் இருளிலேயே நின்றால் கத்தி எடுக்கும் என்று அறிந்தவன், தன் சொல் விளைத்த இருளைத் தன் சொல்லாலேயே கலைத்தான் என்பதுதான் நமக்கு வேண்டியது.

அதற்கு மேல், அப்பேச்சில் நம்மை வியக்கவைப்பது அதன் அழகான பகுதி அன்று, அழகற்ற பகுதி! உடலைச் சில நாள் பதப்படுத்தி வைக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள், அவர் அதை விரும்பாதவர், ஆகவே செய்யப்போவதில்லை என்கிறார். சனிக்கிழமை முற்பகல் ஊர்வலம் புறப்படும், யமுனைக் கரையில் மாலை நான்கு மணியளவில் எரியூட்டு நடக்கும் என்கிறார். டில்லியில் இருப்போர் வழியில் அமைதியாக நிற்கவேண்டும், வெளியூரில் இருப்போர் நோன்பிருக்கலாம், தத்தம் ஊரில் ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ செல்லலாம் என்கிறார். இழவு வீட்டில் பெரியவர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, 'நீ பந்தலைப் பார், நீ சொல்லியனுப்பு, நீ விறகுக்குப் போ' என்று வேலை ஏவுவாரே, அந்தப் பேச்சு! கை ஏதேனும் செய்யத் துடிக்கும் நேரத்தில் கைக்கு வேலை கொடுத்தார். துயரத்தின் இரண்டாம் கேள்வி, 'நான் இப்போது என்ன செய்ய?' என்பது. அதற்கு விடை சொல்லாமல் அறிவுரை மட்டும் கூறியிருந்தால், எத்துணை அழகாகப் பேசியிருந்தாலும், கேட்டவன் வெளியே சென்று தானே ஒரு விடை கண்டிருப்பான்.

சினம் கொண்டோம் என்பதற்காக எவரும் தவறாக நடக்கத் துணியக்கூடாது என்று கண்டிப்பாகவும் சொன்னார். கேட்பவனை நோக்கியே சொன்னார். ஒழுங்கு வேண்டும் என்று ஊராரைச் சுட்டவில்லை, நம்மில் எவரும் என்றார்.

இனி, குறையையும் கூறிவிடுவோம். கொன்றவனைப் பைத்தியக்காரன் என்றார் நேரு. பைத்தியக்காரனா அவன்? பத்து நாள் முன்பு, 20-ஆம் நாள், அதே தோட்டத்தில் குண்டு வெடித்தது. ஒருவன் பிடிபட்டான். கூட்டாளிகளைப் பற்றிய செய்தி காவல்துறைக்குக் கிடைத்தது. செங்கோட்டையில் நடந்த வழக்கில் ஏழு பேர் தண்டிக்கப்பட்டனர். மேல்முறையீட்டில் இருவர் விடுதலையாயினர். கோட்சேயும் ஆப்தேயும் 1949 நவம்பர் 15 அன்று அம்பாலாவில் தூக்கிலிடப்பட்டனர். திட்டமிட்டு, பணம் திரட்டி, துப்பாக்கி தேடி, இரயிலேறி வந்து செய்த கொலை! பைத்தியம் என்ற சொல்லுக்குள் இவையெல்லாம் மறைந்துபோகின்றன. காவலில் நேர்ந்த குறைகளை நீதிபதி கபூர் ஆணையம் 1969-இல் விரிவாகவே எழுதிற்று. பைத்தியக்காரன் சுட்டான் என்றால் காவலரைக் கேட்பார் யார்?

ஆனால் அதே மூச்சில், நாட்டில் நஞ்சு பரப்பப்பட்டிருக்கிறது, அது மனங்களைக் கெடுத்திருக்கிறது, அதை வேரறுக்கவேண்டும் என்றும் சொன்னார். தனியாள் பைத்தியம் என்பதும், பரப்பியவர்கள் உண்டு என்பதும் அருகருகே நிற்கின்றன. இரண்டாவதை அழுத்திச் சொல்லும் துணிவு அன்றிரவு அவருக்கு முழுதாக வரவில்லை போலும். மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 2 அன்று அவையில் பேசும்போது, நம்மிடம் இருந்த பெரும் செல்வத்தைக் காக்கத் தவறினோம், தனிமனிதனாகவும் அரசின் தலைவனாகவும் நாணுகிறேன் என்று வெளிப்படையாகவே கூறினார். தன் அரசு தவறியது என்று துயர மேடையில் சொன்ன பிரதமர் அவர். பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் கற்றுக்கொள்ளாத பாடம்.

சரி, பேச்சு வென்றதா? நாடெங்கும் வென்றது என்று எழுதிவிட்டால் இக்கட்டுரை அழகாக முடிந்துவிடும். வரலாறு அப்படி வளைந்து கொடுப்பதில்லை. மராட்டியப் பகுதியில், புனாவிலும் சதாராவிலும் கோலாப்பூரிலும், கொன்றவனின் சாதியைச் சேர்ந்த பார்ப்பனர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர்களும் போயின. கோட்சேயைக் கண்டேயிராத கணக்குப்பிள்ளையும் பள்ளி ஆசிரியரும் தம் பெயரின் ஈற்றுச் சொல்லுக்காக அடிபட்டனர்.

இங்கே நின்று சற்று எண்ணுங்கள், தோழர்களே! கொன்றவன் ஒருவனே. அவன் இந்து என்பது உண்மை. அவன் பார்ப்பனன் என்பதும் உண்மை. முதல் உண்மை வீடுகளைக் காத்தது. இரண்டாம் உண்மை வீடுகளை எரித்தது! உண்மையைச் சொல், அதுவே போதும் என்று சொல்லிவிட்டு நாம் கை கழுவ முடியுமா?

வேறுபாடு எங்கே இருக்கிறது? கொன்றவன் இந்து என்ற செய்தியைக் கேட்டுச் சினந்து நின்ற பெருங்கூட்டம் இந்துக்களின் கூட்டம். 'உன் வீட்டுப் பிள்ளைதான் செய்தான்' என்று கேட்பவனுக்கே சொன்ன உண்மை அது. ஓங்கிய கை தன் முகத்தை நோக்கித் திரும்பும்போது தானே தாழ்ந்துவிடுகிறது. கொன்றவன் பார்ப்பனன் என்ற செய்தியைக் கேட்டுச் சினந்தவர்களோ பார்ப்பனரல்லாதார். 'நீ வெறுப்பவன்தான் செய்தான்' என்று அவர்களிடம் போய்ச் சேர்ந்த உண்மை அது. ஓங்கிய கைக்கு இலக்கும் கிடைத்தது, ஏற்கெனவே இருந்த கணக்குகளும் கூடவே தீர்த்துக்கொள்ளப்பட்டன. கேட்பவனைக் குற்றம் சாட்டும் உண்மை குளிரச்செய்கிறது. கேட்பவனின் பகைவனைக் குற்றம் சாட்டும் உண்மை கொளுத்துகிறது. நாட்டின் துயர நாளில் எழுந்து நிற்கும் பேச்சாளனின் அறம், எந்த உண்மையை எந்தக் கூட்டத்திடம் சொல்லத் துணிந்தான் என்பதில் அடங்கியிருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

சேக்சுபியரின் சூலியசு சீசர் நாடகத்தை நம் இளைஞர்கள் பலர் படித்திருப்பார்கள். அந்தோணி சொன்னவை பெரும்பாலும் மெய்யே. சீசர் கொல்லப்பட்டது மெய், உடையில் கிழிசல் இருந்தது மெய். ஆனால் கேட்பவனிடம் எதையும் கேட்காமல், அவனுக்குப் பகைவரை மட்டும் காட்டினான். விளைவு? கொலையில் தொடர்பே இல்லாத சின்னா என்ற கவிஞனை, சதிகாரன் ஒருவனின் பெயர் அவனுக்கும் இருந்த ஒரே குற்றத்துக்காகக் கிழித்துப் போடுகிறது கூட்டம். மதுரையை எரித்த கண்ணகியின் தீகூட, யாரை விடுவது என்று கட்டளை பெற்றுக்கொண்டு எரிந்ததாகச் சொல்கிறது நம் காப்பியம். மனிதன் மூட்டும் தீ பெயர்ப்பலகை பார்த்துத்தான் எரிகிறது, அதையும் சரியாகப் படிப்பதில்லை.

தமிழகத்துக்கு வருவோம். இங்கே 1948-இல் நிலைமை எளிதாகவா இருந்தது? பார்ப்பனியத்தை எதிர்த்து இருபதாண்டுகளுக்கு மேலாகப் பேச்சு முழங்கிய நாடு இது. கொன்றவன் பார்ப்பனன் என்ற செய்தி வந்தது. காய்ந்த வைக்கோற்போரில் விழுந்த நெருப்புத்துண்டு போன்ற செய்தி! பெரியார் காந்தியாரோடு கடுமையாக மாறுபட்டவர். 1947 ஆகசுட்டு 15-ஐத் துக்க நாள் என்றவர். அவருக்கு அன்று ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. காந்தியாருக்காக வருந்தினார், இந்நாட்டுக்குக் காந்தி நாடு என்று பெயரிடலாம் என்று எழுதினார். கொன்றவனை உருவாக்கிய மதவெறியை நோக்கி விரலை நீட்டினார், அண்டை வீட்டுப் பார்ப்பானை நோக்கி நீட்டவில்லை. அண்ணாவும் காந்தியாரை உலகப் பெரியார் என்று போற்றி எழுதினார். புனாவில் நடந்தது போன்ற பேரழிவு இங்கு நடக்கவில்லை. கொள்கைப் பகைக்கும் ஆள் பகைக்கும் நடுவே உள்ள கோடு, மேடையில் கைதட்டல் வாங்கும் நாட்களில் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. துயர நாளில்தான் அது தெரியவேண்டியிருக்கிறது.

இனி 1984-க்கு. அக்டோபர் 31 காலை, பிரதமர் இந்திரா காந்தி தம் காவலர் இருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்கள் சீக்கியர். அன்றிரவு இராசீவ் காந்தி வானொலியில் அமைதி காக்கக் கேட்டுக்கொண்டார், இதையும் நேர்மையோடு குறிக்கவேண்டும். ஆனால் இரத்தத்துக்கு இரத்தம் என்ற முழக்கமும் தொலைக்காட்சி வழியே வீடுகளுக்குச் சென்றது. அடுத்த சில நாட்களில் டில்லியில் மட்டும் 2,733 சீக்கியர் கொல்லப்பட்டனர் என்பது அரசே பின்னர் ஏற்ற கணக்கு. தலைப்பாகையே குற்றப்பத்திரிகை ஆயிற்று. நவம்பர் 19, இந்திராவின் பிறந்தநாள். டில்லிப் படகுக் குழாம் திடலில் பெருங்கூட்டத்தின் முன் பேசிய இராசீவ், பெரிய மரம் ஒன்று விழும்போது நிலம் சற்று அதிர்வது இயல்பு என்றார்.

மரம்! நிலம்! அதிர்வு! எவ்வளவு அழகான உவமை! அதில் ஆளே இல்லை பாருங்கள். மண்ணெண்ணெய் ஊற்றியவன் இல்லை, வாக்காளர் பட்டியலைப் பார்த்து வீடு காட்டியவன் இல்லை, கண்டும் காணாமல் நின்ற காவலன் இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோல் மூவாயிரம் பேரின் சாவு இயற்கையின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. மலைக்குக் கோபம் என்று நம் ஊர்த் தெருவில் பேசினார்களே, அவர்களாவது மலைச்சரிவைப் பற்றிப் பேசினார்கள்! நேருவின் உவமை கேட்பவன் நெஞ்சில் இருளை ஊட்டிவிட்டுத் தன்னைத் திரும்பப் பெற்றது. பேரனின் உவமை திரும்பப் பெறப்படவில்லை. அடுத்த திங்களே தேர்தல் வந்தது. 400-க்கும் மேற்பட்ட இடங்கள்! பேச்சு வெல்லவில்லை என்று யார் சொல்லமுடியும்? கூட்டத்தின் கையில் இருந்த கறையைக் கழுவிக் கொடுக்கும் பேச்சுக்குக் கூட்டம் நன்றி காட்டாமல் இருக்குமா? நாட்டின் சார்பில் தலைகுனிகிறேன் என்று ஒரு பிரதமர் நாடாளுமன்றத்தில் சொல்ல 2005 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அதைச் சொன்ன மன்மோகன் சிங்கும் ஒரு சீக்கியரே. சொல்லவேண்டியவர் சொல்லாததை, கேட்கவேண்டியவர் சொன்னார்!

கொளுத்தும் உண்மையைச் சொல்லியும் குளிரச்செய்யமுடியுமா? அரிதாக முடிந்திருக்கிறது. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். அமெரிக்காவின் இண்டியானாபொலிசு நகரில் கறுப்பின மக்கள் நிறைந்த கூட்டத்தில், ஒரு லாரியின் தட்டில் நின்று அச்சாவை அறிவித்தவர் ராபர்ட் கென்னடி என்ற வெள்ளையர். கொன்றவர்கள் வெள்ளையர் என்றே தெரிகிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை. என் அண்ணனும் கொல்லப்பட்டான், அவனைக் கொன்றவனும் வெள்ளையன்தான் என்றார். அன்றிரவும் அதைத் தொடர்ந்த நாட்களிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் எரிந்தன. அந்நகரம் எரியவில்லை. தன் புண்ணைத் திறந்து காட்டியவன் சொன்னதால் அந்த உண்மை தீயாகாமல் நின்றது. இரண்டு திங்களில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லோரிடமும் அப்படியொரு புண் இருப்பதில்லை. இருப்பவர் எல்லோரும் அதை அப்படிப் பயன்படுத்துவதுமில்லை. அண்ணன் சாவைக் காட்டி வாக்குக் கேட்போரை நாம் அறியமாட்டோமா?

இதையெல்லாம் படிப்பகத்தில் பேசிக்கொண்டிருந்தபோது நமக்கே ஒரு கூச்சம் வந்தது. பேச்சால் வளர்ந்த இயக்கம் நம்முடையது. மோனையும் எதுகையும் மேடையேறி, தெருமுனையில் பெட்ரோமாக்சு வெளிச்சத்தில் நள்ளிரவு வரை மக்களை நிற்கவைத்த இயக்கம். அடுக்குமொழிக்குக் கைதட்டிய கூட்டம் கருத்துக்கும் சேர்த்துத்தான் தட்டியதா என்று நாம் எத்தனை முறை கேட்டுக்கொண்டோம்? நம் கூட்டத்தைக் குற்றம் சாட்டும் உண்மையை நம் கூட்டத்திலேயே எத்தனை மேடைகளில் சொன்னோம்? பார்ப்பனரைக் குற்றம் சாட்டினால் கைதட்டல் வரும். சேரியில் தீ வைத்தவன் பார்ப்பனனல்லாதவன் என்று அவன் ஊரிலேயே மேடை போட்டுச் சொன்னால் என்ன வரும்? 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் நாற்பத்துநான்கு தாழ்த்தப்பட்ட மக்கள் குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டபோது ஆட்சியில் இருந்தது நம் இயக்கத்து அரசு. அந்த நாளின் பேச்சுகளை எடுத்து வைத்துக்கொண்டு, மேலே சொன்ன அளவுகோலை அவற்றின்மீதும் வைத்துப் பார்க்க நம் இளைஞர்கள் தயங்கவேண்டியதில்லை.

கூட்டம் முடியும் தறுவாயில் மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "1948 சனவரி 30 இரவு, இந்த ஊர்த் தேரடியில் உங்கள் கையில் ஒலிபெருக்கி இருந்தது. கூட்டம் திரண்டுவிட்டது. முதலில் என்ன சொல்லியிருப்பீர்கள்?"

"காந்தியார் கொல்லப்பட்டார், கொன்றவன் முஸ்லிம் அல்லன், இந்து என்று சொல்வேன்" என்றார் ஓர் இளைஞர்.

"எந்தச் சாதி என்று கூட்டத்தில் ஒருவன் கேட்கிறான். பத்திரிகையில் நாளைக்கு வரத்தான் போகிறது. சொல்வீரா?"

சொல்வேன் என்றார் ஒருவர். சொல்லமாட்டேன் என்றார் மற்றொருவர். மறைத்தால் நாம் பகுத்தறிவாளரா என்று கேட்டார் முதலாமவர். மாட வீதியில் நாலைந்து வீடு எரிந்தபின் நாம் மனிதரா என்று கேட்டார் இரண்டாமவர். சாதியைச் சொல்லி, அந்தச் சாதிக்காரர் வீட்டு வாசலில் நாமே போய் நின்றுகொண்டால் என்ன என்று கேட்டது ஒரு பெண் குரல். எத்தனை வாசலில் நிற்பது, நாம் எத்தனை பேர் இருக்கிறோம் என்று யாரோ எண்ணத் தொடங்கினார்கள். பதினொரு பேர் இருந்தோம். மணி பத்தைக் கடந்துவிட்டது. படிப்பகத்தைப் பூட்டிச் சாவியை எதிர்த்த தேநீர்க் கடையில் கொடுத்துவிட்டு, அடுத்த கிழமையும் இதையே பேசுவதென்று கலைந்தோம்.